உங்களுக்குத் தெரியுமா? தெரிந்த மெட்டில் புதிய போராட்டம்

மலையகத் தோட்டத் தொழிலாளரின் துயரை 1940இலேயே ஒரு பெண் பாட்டுப் புத்தகமாக வெளியிட்டார்! அவர் மீனாட்சி அம்மாள். நூல்: ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’.

• ஹட்டன் தொகுதியிலிருந்து 1936இல் அரசாங்க சபைக்குத் தெரிவான கோ. நடேசய்யரின் மனைவி இவர். கூட்டங்களில் கணவர் பேசுவார், இவர் பாடுவார். சனங்களுக்குப் பழகிய மெட்டு, புதிய சொற்கள். மேடைப் பேச்சைவிட இதுவே மனதில் நிற்கும்.

• மெட்டு இசைக்கும் கவிதைக்கும் பொதுச் சொத்து. பாடுபவருக்கு அது பாட்டின் இசை வடிவம். எழுதுபவருக்கோ அளவுகோல்: குறில் எங்கே, நெடில் எங்கே, அடி முடிவது எங்கே என்பதெல்லாம் அதற்குள் அடக்கம்.

• அந்தக் காலப் பாட்டுப் புத்தகங்கள் பலவற்றில் சுரக்குறிப்பு இராது. தலைப்பின் கீழே ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்று ஒரே வரி. மெட்டுத் தெரிந்தால் போதும், எழுத்தறியாதவரும் கேட்டுக் கூடவே பாடலாம்.

• பாரதியாரும் தேசியப் பாடல்கள் சிலவற்றுக்குக் கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திர மெட்டுகளை எடுத்துக்கொண்டார்.

உங்கள் லயத்து வீட்டில் பழைய பாட்டுப் புத்தகம் இருந்தால் வீசிவிடாதீர்கள். அப்பாயி, அம்மாயியைப் பாடச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள்.