மாளிகைமேட்டுக் கூரை

கங்கைகொண்ட சோழபுரம் போய்வந்த வாசகி ஒருவர், “இத்தனை பெரிய கோயில் கட்டிய ராஜேந்திர சோழன் குடியிருந்த அரண்மனை எங்கே?” என்று கேட்டு எழுதியிருக்கிறார். கோயிலிலிருந்து தென்மேற்கே இரண்டு கிலோமீட்டர் போனால், உட்கோட்டைப் பக்கம் மாளிகைமேடு இருக்கிறது. அதுதான் இடம்.

ராஜேந்திரனின் கதை எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். 1980 தொடங்கித் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே பலமுறை தோண்டியிருக்கிறது. செங்கல் சுவர்கள் வெளிப்பட்டன. சீனப் பீங்கான் சில்லுகளும் கிடைத்தன, பேச்செல்லாம் அவற்றைப் பற்றித்தான். எனக்கென்னவோ கூடவே கிடைத்த ஆணியிலும் ஓட்டிலும்தான் மனசு நிற்கிறது.

சாமிக்குக் கருங்கல், ராஜாவுக்குச் செங்கல்லும் மரமும் என்பது அன்றைய வழக்கம். தூண்கள் மரத்தால் ஆனவையாக இருக்க வேண்டும். மரம் மக்கிப்போய், அடியில் கொடுத்த கருங்கல் பீடங்கள் சில மட்டும் மிஞ்சியிருக்கின்றன. மரவேலையைப் பிணைத்த இரும்பு ஆணிகளும் கவ்விகளும் மண்ணில் கிடந்தன. மேலே, சிறிய தட்டையான ஓடுகளை நைசான சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கடுக்காகப் பதித்திருக்கிறார்கள். எங்கள் தாத்தா வீட்டு மெட்ராஸ் டெரஸ் மாடியிலும் தட்டோடுதான். சித்திரை மதியத்தில்கூடக் கூடத்தில் விசிறி இல்லாமல் தூங்கலாம். ஓடும் சுண்ணாம்பும் கனமாக இருந்தால் சூடு கீழே இறங்க நேரம் பிடிக்கும், அதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

அந்தக் கூரைக்குக் கீழே மாடியும் இருந்திருக்கிறது. ராஜேந்திரனின் மகன் வீரராஜேந்திரன் காலக் கல்வெட்டொன்று இந்த அரண்மனையைச் சோழகேரளன் திருமாளிகை என்று அழைத்து, அதன் கீழ்த்தளத்தைத் தனியாகக் குறிப்பிடுகிறது. மேல்தளம் இல்லாவிட்டால் அப்படி எழுதத் தேவையில்லை. பின்னால் வந்த சோழ மன்னன் முதலாம் குலோத்துங்கனின் 49-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டில், அதாவது 1119-இல், கங்கைகொண்டசோழன் மாளிகை என்று வேறொரு பெயர் வருகிறது. மாளிகைகள் ஒன்றுக்கு மேல் இருந்திருக்கலாம்.

பாண்டியர் கை ஓங்கி, 13-ஆம் நூற்றாண்டில் சோழர் ஆட்சி முடிந்தது. பிறகு ஊரே அரண்மனையிலிருந்து செங்கல் எடுத்தது. 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டக் கோயில் மதில் கல்லையே பெயர்த்தார்கள் என்றால், காவலற்ற செங்கல்லை யார் விட்டுவைப்பார்கள்? அணையாவது வயலுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. அகழாய்வுச் சுவரில் ஏறி நின்று படம் எடுப்பவர்களுக்கு என்ன சமாதானம் சொல்வது? ஆயிரம் வருஷத்துச் சாந்து செருப்படியில் உதிர்கிறது. சுற்றுலா வேன்களோ கோயில் வாசலோடு திரும்பிவிடுகின்றன. ராஜேந்திரன் வென்ற நாடுகளை ஒப்பிக்கும் பிள்ளைகளுக்கு, அவன் வீட்டுச் சுவரின் கனத்தையும் ஒருமுறை காட்டலாமே.

போகிறவர்கள் முதலில் கங்கைகொண்ட சோழபுரத்தில் உள்ள தொல்லியல் துறை அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள். அங்கிருந்து மேட்டுக்குப் போனால், எந்தக் குழியில் எதைத் தேடுவது என்று கண்ணுக்குப் பிடிபடும்.