நீர் புகாதது நஞ்சுக்கும் தடையாகுமா?

பாகூர், வில்லியனூர் வட்டாரங்களில் நெல் வயலுக்குப் பூச்சி மருந்து அடிப்பவர்களை நாம் கண்டிருக்கிறோம். மருந்து மூச்சின் வழியாக மட்டுமன்றித் தோலின் வழியாகவும் உடலுக்குள் செல்லும். “பாலிதீன் தாளைச் சுற்றிக்கொண்டால் போதாதா? அதில் ஒரு சொட்டு நீரும் புகாதே!” எனச் சிலர் கேட்கலாம்.

அந்துருண்டை ஒன்றைப் பாலிதீன் பையில் இட்டு இறுகக் கட்டி வைப்போம். பையில் ஓட்டை இல்லை. ஆயினும் நாளடைவில் வாசனை வெளியே வரும். நீர் பாலிதீனில் எளிதில் கரைவதில்லை. அந்துருண்டையின் மூலக்கூறுகளோ அதில் கரைந்து, மெல்ல நகர்ந்து, மறுபுறம் வெளிப்படுகின்றன. இதுவே ஊடுருவல். எண்ணெய் போன்ற கரைப்பான்களில் கலந்து விற்கப்படும் பூச்சி மருந்துகளும் இவ்வாறு புகக்கூடும்.

ஆகவே விஞ்ஞானிகள் பிளாஸ்டிக் படலங்களைச் சோதிக்கின்றனர். ஒரு சிறு கலத்தின் நடுவே படலத்தைத் திரைபோல் பொருத்துவர். ஒருபுறம் இரசாயனம், மறுபுறம் தூய காற்று அல்லது நீர். மறுபுறத்தை இடையறாது ஆராய்ந்து, இரசாயனம் எத்தனை நிமிடத்தில் அங்கு தோன்றுகிறது எனக் குறிப்பர். ஒரே படலம் ஒரு திரவத்தை மணிக்கணக்கில் தடுக்கும். வேறொன்றை நொடிகளில் விட்டுவிடும்.

இதை உலகிற்கு உணர்த்தியது ஒரு துயர நிகழ்ச்சி. 1996 ஆகஸ்டில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியை கேரன் வெட்டர்ஹானின் இரப்பர் கையுறை மீது டைமெத்தில் பாதரசம் சில துளிகள் சிந்தின. கையுறை கிழியவில்லை. ஆயினும் நஞ்சு உட்புகுந்து, 1997 ஜூனில் அவர் மறைந்தார். அத்தகைய கையுறையை அந்நஞ்சு 15 நொடிகளுக்குள் கடந்துவிடும் எனப் பின்னர் நடந்த சோதனை காட்டியது. பல அடுக்குப் பிளாஸ்டிக் கையுறையே ஏற்றது என்றும் தெரிந்தது.

ஆனால் முழுப் பிளாஸ்டிக் உடை வியர்வையை வெளிவிடாது. நம் வெயிலில் அதை நெடுநேரம் அணிவது கடினம். இதற்கு மாற்றாகப் பெங்களூர் இன்ஸ்டெம் நிலையத்தார் உருவாக்கிய ‘கிசான் கவச்’ உடை 2024 டிசம்பரில் வெளியிடப்பட்டது. தன்மீது படும் சிலவகைப் பூச்சி மருந்துகளை அதன் துணியே சிதைத்துவிடும். துவைத்து மீண்டும் அணியலாம்.

மாணவியரே! மருந்து பட்ட உடுப்பைத் துவைப்பவர் பெரும்பாலும் நம் அன்னையரே. அதனைக் கையுறையோடு தனியே துவைக்கவும், மருந்து அடித்தவர் உடனே சோப்பிட்டுக் குளிக்கவும் இல்லத்தில் எடுத்துச் சொல்வோம். கையுறை வாங்கும்போது, “நீர் புகுமா?” என்பதோடு நில்லாமல், “எந்த மருந்தை, எவ்வளவு நேரம் தடுக்கும்?” என்றும் கேட்போம். கற்ற கல்வி வயல்வரை சென்று நம்மவரைக் காக்கட்டும்.