ஆணி அடிக்காத கப்பல்

சட்டைப் பொத்தான் அறுந்தால் ஊசியும் நூலும் தேடுவோம். ஒரு கப்பலையே அப்படித் தைத்துக் கட்டினார்கள் என்றால் நம்புவீர்களா? ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் அரபு வணிகர்கள் கடல் கடக்க நம்பியிருந்தது இரும்பு ஆணியை அல்ல, தேங்காய்நார்க் கயிற்றை.

அப்படித் தைத்த ஒரு கப்பல் 2010ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் தேதி நம் சிங்கப்பூருக்கே வந்து சேர்ந்தது. பெயர் ‘ஜுவல் ஆஃப் மஸ்கட்’. ஓமான் சுல்தானாக இருந்த காபூஸ் சிங்கப்பூருக்கு அளித்த அன்பளிப்பு அது. பிறகு செந்தோசாவில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தபோது, பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

கதை தொடங்குவது 1998இல். இந்தோனீசியாவின் பெலித்துங் தீவருகே கடல் அட்டை தேடி முக்குளித்தவர்களின் கண்ணில் பட்டன, சேற்றில் புதைந்த பீங்கான்கள். தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தன. மொத்தம் அறுபதாயிரம் பொருள்களுக்கு மேல்! சீனத் தாங் அரசர்கள் காலத்துச் சரக்கு. கிண்ணங்களைப் பெரிய சாடிகளுக்குள் சுருள் சுருளாக அடுக்கியிருந்தார்கள். நாம் பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூகூடக் கிடைத்தது. ஒரு கிண்ணத்தில் கி.பி. 826க்குரிய தேதி எழுதப்பட்டிருந்ததால் காலத்தைக் கணிக்க முடிந்தது.

சரக்கு சீனாவுடையது, ஏற்றிய கப்பலோ சீனப் பாணியில் கட்டியது அல்ல. பலகைகளில் வரிசையாகத் துளைகள், துளைகளில் கயிறு. மேற்கே, அரபுக் கடலோர மரபில் கட்டிய கப்பல் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தனர்.

அந்தச் சரக்கைச் சிங்கப்பூர் வாங்கியது. கடலடித் தொல்பொருளை ஒரு வணிக நிறுவனம் எடுத்து விற்கலாமா என்ற சர்ச்சையும் கூடவே வந்தது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் இதைக் காட்சிக்கு வைக்கத் திட்டமிட்டுப் பின்வாங்கியதும் அதனால்தான். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

முதலில் தோல், பிறகு எலும்பு

சரி, அதே போன்ற கப்பலை மறுபடி கட்டுவது எப்படி? வரைபடம் கிடையாது. கடலடியில் எஞ்சியவை அடிக்கட்டையும் சில பலகைகளும்தான். பாய்மரமோ பாயோ மிஞ்சவில்லை. இருப்பதை அளந்து, இல்லாததைப் பழைய ஓவியங்களிலும் இன்றும் ஓடும் படகுகளிலும் தேடினார்கள். டாம் வோஸ்மர் என்ற கடல்சார் தொல்லியலாளரின் மேற்பார்வையில், மஸ்கட் அருகே கந்தாப் கடற்கரையில் 2008இல் வேலை தொடங்கியது. நீளம் 18 மீட்டர், அகலம் ஆறரை மீட்டர். கிட்டத்தட்ட ஒன்றரைப் பேருந்து நீளம், அவ்வளவுதான்.

இக்காலத்தில் மரக்கப்பல் என்றால் முதலில் விலா எலும்புபோலச் சட்டங்களை நிறுத்தி, அவற்றின்மேல் பலகை அடிப்பார்கள். இங்கே தலைகீழ். முதலில் பலகைகளை ஒன்றோடொன்று தைத்து ஓட்டை முழுதாக உருவாக்கிவிட்டு, அதற்குள்தான் சட்டங்களைப் பொருத்தினார்கள். பலகையை ஆவியில் வேகவைத்து வளைப்பார்கள். விளிம்பு நெடுகத் துளையிடுவார்கள். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். இவர் நுழைக்கும் கயிற்றை அவர் வாங்கி, அடுத்த துளை வழியே திருப்பி அனுப்புவார். நெம்புகோல்போல ஒரு கட்டையால் கயிற்றை இறுக்கி, அது தளரும் முன் அடுத்த தையல். கடைசியில் துளைகளையும் அடைக்க வேண்டும். தண்ணீருக்குள் இருக்கும் அடிப்பகுதிக்கு ஆட்டுக்கொழுப்பும் சுண்ணாம்பும் குழைத்த பூச்சு.

துளைகள் மட்டும் ஏறக்குறைய 37,000. அத்தனையும் கையால் போட்டவை. கயிறு சுமார் 120 கிலோமீட்டர். சாங்கியிலிருந்து துவாஸ் போய்த் திரும்பி வந்தாலும் மிச்சம் இருக்கும்.

ஆணி அடித்துவிட்டுப் போகாமல் ஏன் இத்தனை பாடு? இரும்பு விலை அதிகம், கடல்நீரில் துருப்பிடிக்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது: தைத்த கப்பல் வளைந்து கொடுக்கும். அலை மோதும்போதும் கரை தட்டும்போதும் விறைத்து நிற்காமல் சற்று நெளிந்து தாங்கிக்கொள்ளும். சென்னையில் துறைமுகம் கட்டும்வரை நடுக்கடலில் நிற்கும் கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலா படகுகள். அவையும் கயிற்றால் தைத்தவையே. ஆணி அடித்த படகு அந்த அலைக்குத் தாங்காது.

கை இருந்தால்தான் கப்பல்

மரத்தையும் கயிற்றையும் காசு கொடுத்து வாங்கலாம். தைக்கத் தெரிந்த கை எங்கே கிடைக்கும்? பெரிய கப்பல்களில் ஆணி நுழைந்து நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. 1980இல் டிம் செவரின் ஓமானில் ‘சோஹார்’ என்ற தைத்த கப்பலைக் கட்டிச் சீனாவுக்குப் போனபோதும் இதே தவிப்புதான். அவருக்குக் கைகொடுத்தவர்கள் லட்சத்தீவுக்காரர்கள். ‘ஜுவல் ஆஃப் மஸ்க’ட்டில் ஓமானியர்களுடன் சேர்ந்து கயிறு பிடித்தவர்கள் கேரளத்துக் கைவினைஞர்கள். ஆலப்புழைப் படகுவீட்டில் தங்கியிருக்கிறீர்களா? அந்தக் கெட்டுவள்ளம் ஒரு காலத்தில் நெல் ஏற்றிய தையல் படகு. மலையாளத்தில் ‘கெட்டு’, நம் தமிழில் ‘கட்டு’. கட்டுமரத்தில் இருக்கும் அதே கட்டு.

2010 பிப்ரவரியில் மஸ்கட்டிலிருந்து புறப்பட்ட கப்பல் கொச்சி, காலி, பினாங்கு வழியாக வந்தது. இடையில் பாய்மரங்களில் வெடிப்பு கண்டது. இலங்கையில் புது மரம் வெட்டி, செதுக்கி, மாற்றிக்கொண்டு கிளம்பினார்கள். கேப்டன் சாலிஹ் அல் ஜாப்ரியும் குழுவினரும் திறந்த தளத்தில் வெயிலையும் மழையையும் வாங்கிக்கொண்டே இங்கு வந்து சேர்ந்தனர்.

வந்தபின் கப்பல் கூரைக்குள் போனது. அதில் எனக்கு உள்ளூர வருத்தம் உண்டு. தண்ணீரை விட்டு ஏறினால் மரம் காய்ந்து சுருங்கும். முன்பெல்லாம் இத்தகைய கலங்களின் கயிற்றைச் சில பருவங்களுக்கு ஒருமுறை பிரித்து மறுபடி தைப்பார்கள். அந்த வேலை இருக்கும்வரைதான் தைக்கக் கற்றவர்களும் இருப்பார்கள். காட்சிக்கூடத்தில் தைக்க என்ன இருக்கிறது?

அதனால்தான் அண்மையில் வந்த ஒரு செய்தி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அஜந்தா ஓவியம் ஒன்றில் இருக்கும் ஐந்தாம் நூற்றாண்டுக் கப்பலைப் பார்த்து இந்தியக் கடற்படைக்காக ஒரு தைத்த கப்பல் கட்டப்பட்டது. தைத்தவர்கள் கேரளத்தின் பாபு சங்கரனும் அவருடைய குழுவினரும். நீரில் எப்படி நடந்துகொள்ளும் என்று மாதிரி வைத்துச் சோதித்தவர்கள் சென்னை ஐஐடியினர். பெயர் ‘கவுண்டின்யா’. இயந்திரம் கிடையாது, பாய் மட்டுமே. 2025 டிசம்பர் 29ஆம் தேதி குஜராத்தின் போர்பந்தரிலிருந்து புறப்பட்டது. இங்கே நாம் பொங்கலுக்குக் கரும்பு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஜனவரி 14ஆம் தேதி, மஸ்கட் போய்ச் சேர்ந்தது. கந்தாப் கடற்கரை அங்கிருந்து பக்கம்தான்.