வெள்ளைத் துணியும் சில நொடி மௌனமும்

டீ ஆறுவதற்குள் ஒரு சின்னக் காட்சிக்குள் போய்விட்டு வருவோம். வேற்றுக்கிரகத்தவரோடு மனிதர்கள் நடத்தப் பார்த்த சமாதானப் பேச்சு அது. நடந்தது கதையில்தான். ஆனால் காதால் மட்டும் கேட்கும் நாடகம் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

எச். ஜி. வெல்ஸ் எழுதிய ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ 1897-இல் இங்கிலாந்தில் பத்திரிகைத் தொடராக வந்தது. விக்டோரியா மகாராணி அரியணை ஏறி 60 ஆண்டு ஆனதை லண்டன் கோலாகலமாகக் கொண்டாடிய அதே ஆண்டு. லண்டனுக்குத் தென்மேற்கே வோக்கிங் ஊரை ஒட்டிய பொட்டல் வெளியில் செவ்வாய்க்காரர்களின் உருளை வந்து விழுகிறது. இத்தனை தூரம் வந்தவர்கள் அறிவுள்ளவர்களாகத்தான் இருக்க வேண்டும், நாமும் அறிவுள்ளவர்கள் என்று காட்டிவிட்டால் பேசிக்கொள்ளலாம் என்று அங்கே கூடியவர்கள் முடிவு செய்கிறார்கள். வெள்ளைக்கொடியோடு சிலர் போகிறார்கள். பதிலாக வருவது வெப்பக் கதிர். பூதக்கண்ணாடியில் வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்குவோமே, அதையே பல்லாயிரம் மடங்கு பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள். போனவர்களில் யாரும் திரும்பவில்லை.

வெல்ஸ் இதைச் சும்மா எழுதவில்லை. டாஸ்மேனியாவின் பூர்வகுடிகளை ஐரோப்பியக் குடியேறிகள் எப்படி அழித்தார்கள் என்பதை முதல் அத்தியாயத்திலேயே நினைவூட்டிவிடுகிறார். வலுத்தவன் வந்து இறங்கும்போது இளைத்தவனின் சமாதானக் கொடிக்கு என்ன மதிப்பு? உலகின் பெரும் பரப்பை ஆண்டுகொண்டிருந்த ஒரு தேசத்தை, அந்த இளைத்தவனின் இடத்தில் நிற்கவைத்துப் பார்த்தார் அவர்.

இப்போது 1938-க்கு வருவோம். அமெரிக்காவின் சி.பி.எஸ். வானொலியில் ஆர்சன் வெல்ஸ் என்ற 23 வயது இளைஞர் இந்த நாவலை ஒரு மணி நேர நாடகமாக்குகிறார். எழுத்து ஹோவர்ட் கோச். கதை அவர்கள் காலத்துக்கும், நியூ ஜெர்சியின் குரோவர்ஸ் மில் என்ற சிற்றூருக்கும் மாறிவிட்டது. வெள்ளைக்கொடி மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆனால் வானொலியில் கொடியை எப்படிக் காட்டுவது? யாராவது சொல்லியாக வேண்டும். கதைசொல்லி ஒருவர் சாவகாசமாகச் சொன்னால் அது கடந்த கால விஷயம், நமக்கு ஆபத்தில்லை. அந்த இடத்திலேயே நிற்கும் செய்தியாளர் மூச்சிரைக்கச் சொன்னால், அவரோடு நாமும் போய் நின்றுவிடுகிறோம். கோச் இரண்டாவது வழியைப் பிடித்தார். கழியில் கட்டிய வெள்ளைக் கைக்குட்டையோடு சிலர் முன்னே போவதைச் செய்தியாளர் விவரிக்கிறார்.

செய்தியாளராக நடித்தவர் ஃபிராங்க் ரீடிக். 1937-இல் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் தீப்பிடித்து விழுந்ததை நேரில் பார்த்து, அழுகை முட்டப் பேசிய செய்தியாளர் ஒருவரின் ஒலிப்பதிவு இருந்தது. அதை ரீடிக் திரும்பத் திரும்பக் கேட்டுத் தன் குரலைத் தயார்செய்தார். விண்கல உருளையின் மூடி திருகித் திறக்கும் சத்தத்துக்கு ஒரு ஜாடி மூடி போதுமானதாக இருந்தது. நம் வீட்டு ஊறுகாய் ஜாடியைத் திறக்கும் அதே சத்தம்தான். எதைக் கேட்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், மீதியைக் காது தானே கட்டிக்கொள்கிறது.

கைக்குட்டை முன்னே போகிறது. தீ பாய்கிறது. செய்தியாளரின் குரல் பாதிப் பேச்சில் அறுந்துவிடுகிறது. பிறகு ஒன்றுமே இல்லை. போனில் பேசிக்கொண்டிருக்கும்போது எதிர்முனை சட்டென்று அமைதியானால் “ஹலோ, லைன்ல இருக்கீங்களா?” என்று பதறுகிறோம் இல்லையா, அந்தச் சில நொடிகள்தான் இது. நாடகத்தின் உச்சம் இந்த மௌனம் என்பேன். எந்த வெடிச் சத்தமும் இதற்கு ஈடாகாது. அடுத்து அறிவிப்பாளர் வந்து ஏதோ தடங்கல் என்கிறார். எங்கோ ஒரு பியானோ மெதுவாக ஒலிக்கத் தொடங்குகிறது.

இனி, கிட்டத்தட்ட எல்லோரும் நம்பும் ஒரு தவறுக்கு வருவோம். இதைக் கேட்டு அமெரிக்காவே வீதிக்கு ஓடிவந்தது என்பார்கள். ஓடவில்லை. அன்றிரவு, வானொலி கேட்போரைக் கணக்கெடுக்கும் ஹூப்பர் நிறுவனம் சுமார் 5,000 வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசி, என்ன கேட்கிறீர்கள் என்று விசாரித்தது. இந்த நாடகத்தைச் சொன்னவர்கள் ஏறக்குறைய 2 சதவீதம். அதே நேரத்தில் எட்கர் பெர்கன் பொம்மையைப் பேசவைக்கும் நிகழ்ச்சி வேறொரு நிலையத்தில் ஓடியது. பெரும் கூட்டம் அந்தப் பக்கம் இருந்தது.

பயந்தவர்கள் இருந்தார்கள். காவல் நிலையங்களுக்கும் பத்திரிகை அலுவலகங்களுக்கும் ஏராளமான அழைப்புகள் வந்தன. ஆனால் அதை ஊரே கலங்கிய கதையாக ஊதிப் பெருக்கியவை மறுநாள் பத்திரிகைகள். தங்கள் விளம்பர வருமானத்தை வானொலி பிடுங்கிக்கொண்டிருந்த காலம் அது. வானொலியை நம்பாதீர்கள் என்று சொல்ல அவர்களுக்கு நல்ல சந்தர்ப்பம் கிடைத்தது. இத்தனைக்கும் இது நாடகம் என்பது தொடக்கத்திலேயே அறிவிக்கப்பட்டிருந்தது.

அப்படியானால் அந்தச் சிலர் ஏன் நம்பினார்கள்? அவர்களை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாட்காட்டியைப் பாருங்கள். ஒலிபரப்பு அக்டோபர் 30. சரியாக ஒரு மாதம் முன்பு, செப்டம்பர் 30-ஆம் தேதி விடியுமுன், மியூனிக்கில் ஐரோப்பியத் தலைவர்கள் ஹிட்லரோடு சமாதானப் பேச்சு நடத்தி ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அதற்கு முந்தைய வாரங்களில், போர் மூளுமோ என்ற பதற்றத்தில், பாட்டை நிறுத்திவிட்டு அவசரச் செய்தி சொல்வது அமெரிக்க வானொலியில் அன்றாட வழக்கமாகியிருந்தது. பாட்டு பாதியில் நின்றால் நிஜமாகவே ஏதோ நடந்திருக்கிறது என்று காது பழகியிருந்தது. நடுவில் வந்து கேட்ட பலருக்கு ‘செவ்வாய்’ என்ற சொல்லே காதில் விழவில்லை. ஜெர்மானியர்கள் தாக்கிவிட்டார்கள் என்றுதான் சிலர் நினைத்தார்கள்.

அந்த ஒலிப்பதிவு பத்திரமாக இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் என்று தொகுத்த முதல் பட்டியலிலேயே இதையும் சேர்த்தது. இணையத்திலும் எளிதாகக் கிடைக்கும். ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, முதலிலிருந்து கேளுங்கள். வெள்ளைக் கைக்குட்டை வரும்போது சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.