வராத மூன்றாம் நாள்

எந்தப் பிள்ளையும் ஒரே நாளில் பாடசாலையை விட்டு நின்றுவிடுவதில்லை. முதலில் ஒரு திங்கட்கிழமை வராது. பிறகு சந்தை நாளில் வராது. அரிவி வெட்டுத் தொடங்கினால் ஒரு கிழமை காணக்கிடைக்காது. அடுத்த தவணையில் இடாப்பில் பெயர் இருக்கும், வாங்கில் பிள்ளை இராது. இவ்வளவும் வகுப்பாசிரியரின் வரவு இடாப்பில் முன்கூட்டியே தெரிகிறது. அதை மாத முடிவில் கூட்டிப் பார்ப்பதற்கு மட்டும் வைத்திருப்பதுதான் நமது குறை.

சொந்தக் காணியில் இருந்த காலத்தில் பிள்ளைகள் பாடசாலை விட்டு வந்து பின்னேரம் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறினார்கள். அதனால் படிப்புக் கெடவில்லை. இடம்பெயர்ந்த பின் பிறர் காணியில் நாட்கூலி. அது விடியவே தொடங்கும். பாடசாலை முடிந்து வருபவனுக்கு அங்கே வேலை இல்லை. காலபோக அறுவடை தை முதல் பங்குனி வரை நடக்கிறது. வழமையாக முதலாந் தவணையும் அப்போதுதான். வயலும் வகுப்பும் ஒரே பிள்ளையைக் கேட்கின்றன. தாயும் கூலிக்குப் போனால் கடைக்குட்டியைப் பார்க்க மூத்த மகள் மறிக்கப்படுகிறாள்.

கூலியை மட்டும் காரணம் சொல்லவும் முடியாது. வெட்கமும் ஒரு காரணம். இடப்பெயர்வில் ஒன்றிரண்டு ஆண்டுகள் இழந்த பிள்ளை, தன்னிலும் சிறியவர்களோடு இருக்கக் கூசுகிறது. பெற்றோருக்கும் கூச்சம் உண்டு. 1995 இலோ 2009 இலோ ஓடிய ஓட்டத்தில் தம் படிப்பை விட்டவர்கள் பலர், அதிபரின் அறை வாசலில் நிற்கவே தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த தகப்பனுக்கும் ஆசிரியரிடம் கேள்வி கேட்கும் உரிமை உண்டு.

சட்டம் பிள்ளையின் பக்கம் இருக்கிறது. கட்டாயக் கல்வி வயது 1997 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளில் 5 முதல் 14 வரை என்றிருந்தது. 2016 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. பிள்ளைகளை வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதும் 2021 இல் 16 ஆனது. ஆனால் சட்டத்தைக் காட்டி வெருட்டினால் குடும்பம் பிள்ளையை ஒளிக்கும். அடுப்பு எரிய வேண்டுமே!

எனவே மூன்றாம் நாளே யாராவது அந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்கிறோம். ஆசிரியருக்கு நேரமில்லையென்றால் பக்கத்துக் கொட்டிலில் இருக்கும் மாணவன் போகட்டும். "ஏன் வரவில்லை" என்று அதட்டுவதைவிட, விட்ட பாடத்தின் கொப்பியைக் கொண்டுபோய்க் கொடுப்பது மேல். திரும்பி வருகிற பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேலி செய்தால் அது நாளைக்கு வராது. வயது கூடிய பிள்ளைக்குப் பின்வாங்கில் இடம் கொடுத்து, வாசிப்பையும் கணக்கையும் முதலில் பிடிக்க உதவவேண்டும். ஆண்டிறுதிப் பரீட்சையை அதன் பிறகு பார்க்கலாம்.

வீட்டார் செய்யக்கூடியதும் உண்டு. வேலை தவிர்க்க முடியாததென்றால் சனி, ஞாயிறுக்கு ஒதுக்குங்கள். காணிக்காரரிடம் அதை முதலே பேசுங்கள். நாலு தாய்மார் சேர்ந்து முறை வைத்துக் குழந்தைகளைப் பார்த்தால் நாலு மூத்த பெண்பிள்ளைகள் வகுப்புக்குப் போகலாம். முகாமில் இதைச் செய்வது ஊரில் செய்வதைவிடச் சுலபம், வீடுகள் நெருக்கம் என்பதால்.

பிறப்புச் சான்றிதழ், விடுகைப் பத்திரம், பழைய தேர்ச்சி அறிக்கை ஆகியவற்றைப் பொலித்தீன் பையில் சுற்றி ஒரே இடத்தில் வையுங்கள். தொலைந்திருந்தால் அவை கிடைக்கும்வரை பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள். முதலில் அதிபரிடம் போய், தற்காலிகமாகவேனும் வகுப்பில் இருத்தக் கேளுங்கள். அவர் மறுத்தால் வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் கொடுங்கள். எழுத ஆளில்லையென்றால் கிராம அலுவலரிடம் கேட்கலாம். பிரதியொன்றை அதே பையில் வைத்துக்கொள்ளுங்கள்.