ஒரு சிட்டிகை உப்பும் ஒரு பிடி வெல்லமும்



புதியதொரு மருத்துவ உண்மை கண்டுபிடிக்கப்பட்டது என்னும் செய்தியைப் படித்தவுடனே, அந்நோயின் கதை முடிந்தது என்று நாம் மகிழ்ந்துவிடுகிறோம். ஆய்வுக்கூடத்தில் பிறந்த அவ்வுண்மை, சாலையும் மின்விளக்கும் இல்லாத ஓர் ஊரின் கடைக்கோடிக் குடிசைக்குச் சென்று சேர எத்தனை ஆண்டுகள் ஆகும், யார் அதனைச் சுமந்து செல்வர் என்ற வினா நம் மனத்தில் எழுவதேயில்லை. அவ்வாறு சுமந்து சென்ற ஒரு முயற்சியைப் பற்றியே இன்று பேசக் கருதுகிறேன். இது வங்காள தேசத்தில் 1980ஆம் ஆண்டு முதல் 1990ஆம் ஆண்டு வரை நடைபெற்றது. சுமந்து சென்ற பொருளோ, உப்பும் வெல்லமும் கலந்த நீர்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். காலராவிலும் கடுமையான வயிற்றுப்போக்கிலும் உயிர் போவதற்குப் பெரும்பாலும் காரணம், உடலிலுள்ள நீரும் உப்பும் வெளியேறிவிடுவதே. நாக்கு வறளும், கண்கள் குழிவிழும், சிறுநீர் குறையும், குழந்தை துவண்டு கிடக்கும். சில மணி நேரத்திலேயே எல்லாம் முடிந்துவிடுவதும் உண்டு. இழந்த நீரைத் திரும்பக் கொடுத்தால் குழந்தை பிழைக்கும் என்பது எளிதில் விளங்கக்கூடியது. ஆனால் வெறும் நீரையோ, உப்புநீரையோ குடிக்கக் கொடுத்தால், காலரா பற்றிய குடல் அதனைப் போதிய அளவு ஏற்பதில்லை. ஆகவே நெடுங்காலம் மருத்துவர்கள் ஊசியின் மூலம் இரத்த நாளத்துக்குள்ளேயே உப்புநீரை ஏற்றி வந்தனர். அதற்கு மருத்துவமனை வேண்டும். தூய்மையான புட்டிகள் வேண்டும். பயிற்சி பெற்ற கைகள் வேண்டும். கிராமத்துத் தாய்க்கு இவற்றுள் எது கிட்டும்?

இந்நிலையை மாற்றியது குடலின் ஒரு விந்தையான இயல்பு. 1960ஆம் ஆண்டில் இராபர்ட் கிரேன் என்னும் அறிவியலறிஞர், குடற்சுவர் குளுக்கோஸ் சர்க்கரையை உள்ளே இழுக்கும்போது உப்பிலுள்ள சோடியத்தையும் உடன் இழுத்துக்கொள்கிறது என்று விளக்கினார். சோடியம் சென்ற வழியே நீரும் செல்லும். காலராக் கிருமியின் நஞ்சு குடலிலிருந்து நீரை வெளியே கொட்டச் செய்யினும், இந்த ஒரு வாயிலை மட்டும் அடைப்பதில்லை. சர்க்கரை துணைநின்றால் உப்பும் நீரும் உள்ளே புகும். 1968இல் டாக்காவிலிருந்த காலரா ஆராய்ச்சிக்கூடத்தில் டேவிட் நாலின், இரிச்சர்ட் காஷ் என்னும் இளம் மருத்துவர்கள் இதனை நோயாளிகளிடம் செய்து காட்டினர். வெல்லத்திலும் சர்க்கரைச் சத்து உண்டு. குடலில் அது பிளவுபட்டுக் குளுக்கோஸைத் தருகிறது.

மருத்துவ உலகம் உடனே நம்பிவிடவில்லை. நம்பவைத்தது ஒரு போர். 1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் இலட்சக்கணக்கில் எல்லையைக் கடந்து இந்தியாவுக்குள் வந்தபோது, மேற்கு வங்காளத்தின் பன்காவ் என்னும் ஊரில் காலரா தாண்டவமாடியது. அங்குப் பணியாற்றிய டாக்டர் திலீப் மகலனாபிஸிடம் நாளத்தில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோகும் நிலை. குளுக்கோஸ் 22 கிராம், சமையலுப்பு 3.5 கிராம், சமையற்சோடா 2.5 கிராம் எனக் கல்கத்தாவில் நிறுத்துப் பொட்டலங்களாகக் கட்டச் செய்தார் அவர். ஒரு லிட்டர் நீருக்கு இஃது அளவு. கரைத்த நீரைப் பெரிய கலங்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினரையே குடிப்பிக்கச் சொன்னார். அதற்குமுன் 100க்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த அவ்விடத்தில், இறப்பு 3.6 ஆகக் குறைந்தது. தாதியர் செய்ய வேண்டிய பணியைத் தாயும் தமக்கையும் செய்ய முடியும் என்பதையும் பன்காவ் மெய்ப்பித்தது. எனக்கு அதுவே அந்நிகழ்ச்சியின் பெரும்பகுதியாகப் படுகிறது.

உண்மை தெரிந்துவிட்டது, விலையும் மிகக் குறைவு. ஆயினும் அடுத்த பத்தாண்டுகளில் வங்காள தேசத்துக் குழந்தைகள் முன்போலவே மாண்டுகொண்டிருந்தனர். ஆறுகள் பின்னிக் கிடக்கும் நாடு அது. மழைக்காலத்தில் பல ஊர்கள் தீவுகளாகிவிடும். பொட்டலங்களைப் போதுமான அளவு செய்து ஊர்தோறும் சேர்ப்பிக்க அன்றைய அரசிடம் வசதி இல்லை. வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்கு நீர் கொடுத்தால் போக்கு மிகும் என அஞ்சி, நாவறண்ட பிள்ளைக்கு நீரை மறுக்கும் வழக்கமும் பரவியிருந்தது. நம் பக்கத்து ஊர்களிலும் முதியோர் சிலர் இவ்வாறே கூறக் கேட்டிருக்கிறேன். அன்பினால் செய்யும் தீங்கு இது.

இப்பணியை மேற்கொண்ட அமைப்பின் பெயர் பிராக். அதனைத் தோற்றுவித்தவர் ஃபசலே ஹசன் ஆபேத். சிட்டகாங்கில் ஒரு பெரிய எண்ணெய் நிறுவனத்தில் உயர்ந்த பதவி வகித்தவர். 1970ஆம் ஆண்டுப் பெரும்புயலும் அடுத்த ஆண்டின் போரும் அவர் வாழ்வைத் திருப்பின. இலண்டனிலிருந்த தம் வீட்டை விற்ற பணத்தைக் கொண்டு, 1972இல் சுல்லா என்னும் ஒதுக்குப்புறமான பகுதியில் அகதிகள் மீண்டும் குடியமர உதவத் தொடங்கினார். 1980இல் அவ்வமைப்பு ஒரு துணிவான முடிவுக்கு வந்தது: பொட்டலத்துக்குக் காத்திராமல், வீட்டிலுள்ள பொருளைக் கொண்டே கரைசல் செய்யும் முறையை ஒவ்வொரு தாய்க்கும் நேரில் கற்பிப்பது.

உப்பும் வெல்லமும் வங்காளத்து அடுக்களையில் எப்போதும் உண்டு. நிறுக்கும் தராசுதான் இல்லை. ஆகவே கையே அளவுகோலாயிற்று. மூன்று விரல்களால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் நீர். அதாவது ஏறத்தாழ அரை லிட்டர். கேட்பதற்கு இது பாட்டி வைத்தியம்போல் இருக்கலாம். அறிஞர் பலர் எதிர்த்ததும் இதனால்தான். உப்பு மிகுந்தால் கரைசலே குழந்தைக்கு நஞ்சாகும். எழுத்தறியாத தாயிடம் இதனை ஒப்படைக்கலாமா என்று அவர்கள் கேட்டனர். அந்த அச்சம் பொருளற்றதன்று. அமைப்பினர் அதனை ஒதுக்கித் தள்ளாமல், தாய்மார் கலக்கிய கரைசலை ஊர்களிலிருந்து எடுத்துவந்து உப்பின் அளவைச் சோதித்துப் பார்த்தனர். முறையாகக் கற்பித்த இடங்களில், பெரும்பாலான தாய்மாரின் கை தவறவில்லை.

கற்பிக்கச் சென்றவர்கள் சிறிதளவே படித்த கிராமத்துப் பெண்கள். குழுவாகச் சென்று ஊரருகே தங்குவர். பகலில் ஆளுக்குச் சில வீடுகளாகப் பிரிந்து செல்வர். மாலையில் கூடி, எந்தச் சொல் விளங்கிற்று, எது விளங்கவில்லை என்று பேசுவர். முதலில் பத்துக் குறிப்புகளாக இருந்த பாடம், நினைவிற்கு எளிதாக வேண்டி ஏழாகச் சுருங்கியது. பணியாளர் கரைத்துக் காட்டியதோடு பாடம் முடிந்துவிடாது. தாயே தன் கையால் உப்பெடுத்து, வெல்லமெடுத்து, கரைத்துக் காட்ட வேண்டும்.

இனி, இத்திட்டத்தின் உயிர்நாடி என நான் கருதும் ஏற்பாட்டிற்கு வருகிறேன். இப்பெண்களுக்கு ஊதியம் கொடுத்தது எவ்வாறு தெரியுமா? எத்தனை வீடுகளுக்குச் சென்றார்கள் என்ற கணக்கினால் அன்று. சில வாரங்கள் கழித்து வேறொருவர் அவ்வூருக்குச் செல்வார். கற்பிக்கப்பட்ட வீடுகளுள் சிலவற்றை முன்னறிவிப்பின்றித் தேர்ந்தெடுப்பார். தாய்க்கு எத்தனை குறிப்புகள் நினைவிருக்கின்றன, கரைசலைச் சரியாகச் செய்கிறாரா என்று பார்ப்பார். அதன்படியே கற்பித்தவருக்கு ஊதியம். தாய் மறந்திருந்தால் கற்பித்தவருக்குக் கூலி இல்லை! இவ்விதியை நம் பள்ளி கல்லூரிகளில் நடைமுறைப்படுத்தினால் எங்களைப் போன்ற ஆசிரியர்களின் நிலை என்னாகும் என்று எண்ணிப் பார்த்து நீங்கள் சிரிக்கலாம். வானொலியில் பேசுவோருக்கும் இது சற்றே உறுத்தும் செய்திதான். பேசி முடித்தமைக்கு ஊதியம் உண்டு, கேட்டவர் நினைவில் நின்றதற்கு அன்று.

இத்துணைக் கவனத்தோடு நடந்தும் ஓர் இடர் தோன்றியது. தாய்மார் குறிப்புகளைப் பிசகாமல் ஒப்பித்தனர். கரைசலையும் செம்மையாகச் செய்து காட்டினர். ஆனால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோதோ, அதனைக் கொடுத்தவர் மிகச் சிலரே. தேர்வில் முழு மதிப்பெண், வாழ்வில் பயனில்லை! பலர் இவ்விடத்தில் மக்களின் அறியாமையைப் பழித்துவிட்டு நிறுத்திவிடுவர். இவர்களோ குறை தம்முடைய கற்பித்தலில் இருக்கக்கூடும் என்று தேடப் புகுந்தனர்.

தேடியதில் முதலாவதாக அகப்பட்டது சொல்லில் இருந்த சிக்கல். பணியாளர் 'டயேரியா' என்றே சொல்லி வந்தனர். கிராமத்துத் தாய்க்கோ வயிற்றுப்போக்கு ஒன்றன்று, நான்கு. பால்குடிக் குழந்தைக்கு வருவது ஒன்று, செரியாமையால் வருவது ஒன்று, சீதபேதி ஒன்று, காலராவைப் போல் நீராகக் கொட்டுவது மற்றொன்று. 'டயேரியா' என்ற சொல் அவர்கள் காதில் கடைசி வகையை மட்டுமே குறித்தது. மற்ற மூன்றுக்கும் இக்கரைசல் உரியதன்று என அவர்கள் கொண்டதில் வியப்பில்லை. அதன்பின் தாய்மார் வழங்கும் பெயர்களைக் கொண்டே பாடம் மாற்றி அமைக்கப்பட்டது. நம் தமிழ்நாட்டிலும் பேதி, கழிச்சல், சீதபேதி, மாந்தம் என எத்தனை பெயர்கள்! சுவரில் ஒட்டும் அறிக்கையில் ஒரே ஒரு சொல்லை அச்சிட்டுவிட்டு, செய்தி சேர்ந்துவிட்டது என்று நாம் ஓய்ந்துவிடுவதில்லையா?

அடுத்துக் கண்டது, கற்பித்த பெண்களுட் சிலருக்கே இக்கரைசலில் நம்பிக்கையில்லை என்பது. தமக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரையைத் தேடினர் அவர்கள். நம்பாதவர் சொன்னதை மற்றவர் எவ்வாறு நம்புவர்? அவர்களை டாக்காவின் ஆராய்ச்சி நிலையத்துக்கு அழைத்துச் சென்று, கரைசல் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைக் கண்கூடாகக் காணச் செய்தனர். பின்னர் அவர்கள் ஊர்களில் பேசியபோது, தாய்மாரின் எதிரில் தாமே அதனைக் குடித்தும் காட்டினர்.

வீட்டில் முடிவு செய்பவர் யார் என்பதும் கவனிக்கப்படவில்லை. பெண்களிடம் மட்டுமே பேசியதால், தங்களைக் கலக்காமல் ஏதோ நடப்பதாக ஆடவர் எண்ணினர். ஆகவே ஆண் பணியாளர்கள் சந்தையிலும் பள்ளியிலும் பள்ளிவாசலிலும் ஆடவரைக் கூட்டி விளக்கலாயினர். வானொலியிலும் செய்தி ஒலித்தது. மெல்ல மெல்லக் கரைசலைப் பயன்படுத்தும் வீடுகள் பெருகின.

1990இல் திட்டம் முடிவுற்றபோது, ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் வீடுகளில் இப்பாடம் கற்பிக்கப்பட்டிருந்தது. 1980க்கும் 2005க்கும் இடையில் வங்காள தேசத்தில் வயிற்றுப்போக்கினால் நேரும் குழந்தை இறப்பு 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. முழுப் பெருமையும் இக்கரைசலுக்கே உரியது என்று நான் கூறமாட்டேன். தடுப்பூசியும் குழாய்க் கிணறும் பெண்கல்வியும் அதே காலத்தில் பரவின. எனினும் அந்நாட்டின் வீடுகளில் இன்று உப்புச் சர்க்கரைக் கரைசல் எல்லார்க்கும் தெரிந்த ஒரு வீட்டு மருந்தாகிவிட்டது.

கைப்பிடி அளவுக்கு இப்போது அவ்வளவாகத் தேவையில்லை. ஓ.ஆர்.எஸ். என்னும் பொட்டலம் எங்கும் கிடைக்கிறது. அளவு பிசகாத அதுவே மேலானது. உறையில் குறித்துள்ள அளவு தூய நீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் கொடுத்து, எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். உடன் துத்தநாக மாத்திரையும் 10 முதல் 14 நாள் வரை கொடுப்பது மருத்துவர் கண்ட முறை. குழந்தை குடிக்க இயலாதபடி சோர்ந்துவிட்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

அகதி முகாமில் இதனை மெய்ப்பித்துக் காட்டிய நம் நாட்டின் நிலை என்ன? 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைகளுள் 100க்கு ஏறத்தாழ 60 பேருக்கே இக்கரைசல் கிடைத்தது. ஏனையோருக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதை அறிய, கருநாடகத்திலும் பீகாரிலும் 253 ஊர்களில் ஓர் ஆய்வு நடத்தி, அதன் முடிவை 2024இல் வெளியிட்டனர். நோயுற்ற குழந்தையின் பொருட்டு வந்தவர்போல் நடிக்கப் பயின்றோரை, 2,000க்கும் மேற்பட்ட மருத்துவரிடமும் மருந்து கொடுப்போரிடமும் அனுப்பிப் பார்த்தனர். மருந்து கையிருப்பில் இல்லாமையோ, வேறு மருந்தில் இலாபம் மிகுதி என்பதோ பெருந்தடையாகக் காணப்படவில்லை. இக்கரைசலின் பயனை அறிந்த மருத்துவரே, வந்தவர் இதனை விரும்பமாட்டார் என்று தாமாகக் கருதிக்கொண்டு எழுதிக் கொடுக்காமல் விட்டதே தலையாய காரணமாக இருந்தது. "எனக்கு ஓ.ஆர்.எஸ். வேண்டும்" என்று வாய்திறந்து கேட்டவர்களுக்கு அதனை எழுதிக் கொடுத்தது 27 விழுக்காட்டுப் புள்ளிகள் மிகுந்திருந்தது.