பொறி கலங்கும் வேளை: மூளை அதிர்வை அறிதலும் ஆற்றுதலும்

தமிழில் ‘பொறி கலங்குதல்’ என்றொரு வழக்கு உண்டு. கன்னத்தில் ஓங்கி அறை வாங்கியவரும், தாழ்ந்த நிலைப்படியில் தலை மோதியவரும் ‘பொறி கலங்கிவிட்டது’ என்பர். பொறி என்பது இங்கு ஐம்பொறிகளைக் குறிக்கும். மண்டை உடையாமலும் குருதி சிந்தாமலும் காண்பது, கேட்பது, நினைப்பது ஆகியன சிறிது நேரம் குலைந்துபோகும் நிலையை அவ்வழக்கு நன்கு சுட்டுகிறது. இன்றைய மருத்துவம் ‘மூளை அதிர்வு’ என்று பெயரிட்டு விளக்குவதும் ஏறத்தாழ இந்நிலையையே.

மொழியியல் கற்ற நாம் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. எலும்பு முறிவு படத்தில் தெரியும். மூளை அதிர்வு தெரியாது. சி.டி. ஸ்கேன் மூளையில் குருதிக் கசிவு உண்டா என்று காட்டும், அதிர்வைக் காட்டாது. அடிபட்டவர் என்ன சொல்கிறார், எப்படிச் சொல்கிறார், உடனிருந்தோர் எதைக் கண்டனர் என்பனவே முதற்சான்றுகள். எனவே சொல் தவறினால் நோயறிதலும் தவறக்கூடும். கோப்பெங் போன்ற ஓர் ஊரில் பிள்ளை தமிழில் சொல்வதை மருத்துவர் மலாயில் கேட்க நேரும்போது இச்சிக்கல் இரட்டிப்பாகிறது.

சொல்லும் பொருளும்

மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்கும் முயற்சி புதியதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மாணவர்க்குத் தமிழில் மருத்துவம் கற்பித்தார். அறுவை மருத்துவ நூலொன்றைத் தமிழாக்கி ‘இரண வைத்தியம்’ என்னும் பெயரில் 1867இல் வெளியிட்டார். அன்று தொடங்கிய கலைச்சொல்லாக்கம் இன்றும் முற்றுப்பெறவில்லை என்பதற்கு நம் பொருளே சான்று.

ஆங்கிலச் சொல்லாகிய ‘கன்கஷன்’ வன்மையாக உலுக்குதல் என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. மலாயில் இதனைக் ‘கெகாரான் ஓத்தாக்’ என்பர். மூளையின் அதிர்வு என்பதே அதன் பொருள். தமிழில் ‘மூளை அதிர்ச்சி’, ‘மூளை அதிர்வு’ என இரு வழக்குகள் உள்ளன. அதிர்ச்சி என்றவுடன் இறப்புச் செய்தி கேட்டவரின் மனநிலையோ மின்சாரம் தாக்கியவரின் நிலையோ பெற்றோர் நினைவுக்கு வருகிறது. தலையில் விழுந்த அடியின் விளைவை அது சுட்டுவதில்லை. ஆதலால் ‘மூளை அதிர்வு’ என்பதையே நாம் இங்கு ஆள்கிறோம்.

இதனினும் பெரிய இடர் ‘மயக்கம்’ என்னும் சொல்லில் உள்ளது. மயங்குதல் என்பதற்குக் கலத்தல் என்பதும் ஒரு பழம்பொருள். இலக்கணத்தில் மெய்ம்மயக்கம், திணைமயக்கம் என்று வழங்குவது அப்பொருளில்தான். பேச்சு வழக்கில் அதே சொல் நினைவிழந்து விழுவதற்கும், தலைசுற்றலுக்கும், சித்தம் தெளிவின்றி இருப்பதற்கும் பொதுவாகிவிட்டது. ‘மயக்கமாயிட்டான்’ என்றால் நினைவிழந்தான். ‘மயக்கமா வருது’ என்றால் தலை சுற்றுகிறது. மலாயில் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு: முன்னது ‘பெங்சான்’, பின்னது ‘பெனிங்’. தாய் ‘மயக்கம்’ என்று மட்டும் சொன்னால், மொழிபெயர்ப்பவர் இவற்றுள் ஒன்றைத் தாமே தேர்ந்தெடுக்கிறார். பிள்ளை நினைவிழந்தான் என்பதும் அவனுக்குத் தலை சுற்றியது என்பதும் மருத்துவரை வெவ்வேறு முடிவுகளுக்கு இட்டுச் செல்லும். ஆகவே இச்சொல்லை ஆள்வோர் ‘நினைவு தப்பியதா, தலை சுற்றியதா, குழம்பிப் பேசினானா’ என்று பிரித்துச் சொல்லுதல் வேண்டும்.

மூளையில் நிகழ்வது

மூளை மண்டையோட்டுக்குள் ஒரு நீர்மத்தில் மிதக்கிறது. தலை திடீரென்று அசைந்து நிற்கும்போது, குறிப்பாகச் சுழன்று நிற்கும்போது, மென்மையான மூளைத் திசு இழுபடுகிறது. தலை எதிலும் மோத வேண்டும் என்பதுகூட இல்லை. உடலில் விழுந்த மோதல் தலையை வெடுக்கென்று உலுக்கினாலும் போதும். அப்போது நரம்பணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உட்புகுகிறது. சமநிலையை மீட்க அணுக்களுக்குக் கூடுதல் ஆற்றல் தேவைப்படுகிறது. அதே வேளையில் மூளைக்கு வரும் குருதியோட்டம் குறைகிறது. வரவு குறைந்து செலவு மிகுந்த குடும்பத்தின் நிலையே அது. அக்காலத்தில் இரண்டாவது அடி விழுந்தால் விளைவு கடுமையாகலாம். 2011இல் வட அயர்லாந்தில் பள்ளி ரக்பி ஆட்டமொன்றில் 14 வயது மாணவர் ஒருவர் பலமுறை அடிபட்டும் தொடர்ந்து விளையாடி உயிரிழந்தார்.

தலைக்கவசம் பற்றியும் ஒரு சொல். மலேசியாவில் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்கு அது 1973இல் கட்டாயமாக்கப்பட்டது. கம்பார் ஆற்றில் படகேறுவோரும் அதனை அணிகின்றனர். கவசம் மண்டையோட்டைக் காக்கும். எனினும் உள்ளிருக்கும் மூளை அசைவதை முற்றிலும் தடுக்காது. ‘கவசம் போட்டிருந்தான், ஒன்றும் ஆகியிராது’ என்று விட்டுவிடலாகாது.

பேச்சில் தெரியும் அடையாளம்

1974இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும் நினைவுநிலையை அளக்கும் முறையொன்றை வகுத்தனர். இன்றைய வடிவில் அதன் மொத்தப் புள்ளிகள் 15. கண்ணுக்கு 4, உடலசைவுக்கு 6, பேச்சுக்கு 5. மூன்றில் ஒரு பங்கு பேச்சுக்கே உரியது. ஆனால் மூளை அதிர்வுற்ற பிள்ளை பெரும்பாலும் இவ்வளவையில் முழுப் புள்ளியும் பெற்றுவிடுவான். அவனிடம் காணப்படும் மாற்றம் இதைவிட நுட்பமானது.

பொதுவாக அவன் வாக்கியங்களின் இலக்கணம் சிதைவதில்லை. காலமும் தொடர்ச்சியும் கெடுகின்றன. கேட்ட கேள்விக்கு விடை தாமதமாக வருகிறது. சொன்னதையே திரும்பச் சொல்கிறான். கேட்டதையே மறுபடி கேட்கிறான். பேச்சின் இழை நடுவில் அறுகிறது. நா குழறினாலோ சொல்லே வராமற்போனாலோ அது மேலும் கடுமையான கேட்டின் குறி. அவனை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

1995இல் ஆஸ்திரேலியக் காற்பந்து வீரர்களை ஆராய்ந்த மேடாக்ஸ் குழுவினர் ஓர் உண்மையைக் கண்டனர். பெயர், பிறந்த நாள் போன்ற வினாக்களுக்கு அதிர்வுற்றவரும் சரியாக விடை சொல்லிவிடுகிறார். அண்மை நிகழ்ச்சிகள் பற்றிய வினாக்களிலேயே தடுமாறுகிறார். அவ்வினாக்களை நம் பள்ளித் திடலுக்கு ஏற்ப இவ்வாறு கேட்கலாம்:

‘இப்ப எந்தத் திடல்ல இருக்கோம்?’
‘இது மொதப் பாதியா, ரெண்டாவது பாதியா?’
‘கடைசியா கோல் போட்டது யாரு?’
‘போன ஆட்டம் எந்தப் பள்ளிக்கூடத்தோட ஆடினோம்?’
‘அதுல நாம ஜெயிச்சோமா?’

இவற்றைப் பிள்ளை வீட்டில் பேசும் தமிழிலேயே கேட்க வேண்டும். இரண்டாம் மொழியில் கேட்டால், தாமதம் மொழியால் வந்ததா அடியால் வந்ததா என்று அறிய இயலாது. ஐந்துக்கும் சரியான விடை வந்தாலும் ஐயம் தீர்ந்ததாகக் கொள்ளக்கூடாது. தலைவலி, குமட்டல், ஒளியோ ஓசையோ பொறாமை, நடையில் தள்ளாட்டம், காரணமற்ற அழுகை அல்லது சினம் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் போதும். ‘கண்ணுக்குள்ள பூச்சி பறக்குது’, ‘காது கொய்ங்குது’, ‘தலை கிர்ருங்குது’ என்று பிள்ளை சொல்வதை விளையாட்டுப் பேச்சாகக் கொள்ளலாகாது, அவை நோய்க்குறிகள்.

மூளை அதிர்வுற்றோரில் மிகப் பெரும்பாலோர் நினைவிழப்பதில்லை. அறிகுறிகள் உடனே தோன்ற வேண்டும் என்பதும் இல்லை. 2020 டிசம்பர் 4ஆம் நாள் கான்பெராவில் நடந்த இந்திய–ஆஸ்திரேலிய இருபது ஓவர் ஆட்டம் பலர்க்கு நினைவிருக்கும். சேலம் மாவட்டத்து நடராஜன் அவ்வகை அனைத்துலக ஆட்டத்தில் அறிமுகமான நாள் அது. இறுதி ஓவரில் ரவீந்திர ஜடேஜாவின் தலைக்கவசத்தைப் பந்து தாக்கியது. அவர் தொடர்ந்து ஆடினார். ஓய்வறைக்குத் திரும்பிய பின்னரே தலைசுற்றலை உணர்ந்தார். அவருக்கு மாற்றாகச் சாகல் களமிறக்கப்பட்டார். 2019 முதல் நடப்பிலிருக்கும் விதி அதற்கு இடமளித்தது. கோடிப் பேர் பார்க்கும் ஆட்டத்திலேயே வீரரை வெளியே அமர்த்த முடியுமெனில், மாவட்டப் பள்ளிப் போட்டியில் முடியாதா?

உடனே செய்ய வேண்டியவை

ஐயம் எழுந்தவுடன் பிள்ளையை ஆட்டத்திலிருந்து விலக்க வேண்டும். அன்று முழுவதும் அவன் மீண்டும் ஆடக்கூடாது; தனியே விடவும் கூடாது; மிதிவண்டியோ மோட்டார் சைக்கிளோ ஓட்டவும் கூடாது. நெற்றியில் கோடாலித் தைலம் தடவிச் சூடாகக் கோப்பி கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது அன்பின் செயல். ஆயினும் மருத்துவரைக் காண்பதற்கு அது ஈடாகாது.

கழுத்து வலி, இரட்டைப் பார்வை, கைகால் தளர்ச்சி அல்லது மரப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, நினைவிழத்தல், மிகும் உறக்கம், மூர்க்கம் ஆகியவற்றுள் எது தோன்றினும் 999ஐ அழைக்க வேண்டும். கழுத்து வலியோ நினைவிழப்போ இருப்பின், மூச்சுக்கு இடரில்லாதவரை, தக்கவர் வரும்வரை உடலை அசைக்கலாகாது. கோப்பெங்கிலிருந்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ‘காலையில் பார்ப்போம்’ என்று காலந்தாழ்த்தும் தொலைவன்று.

மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே குருதி தேங்கும் நிலையில், அடிபட்டவர் சில மணி நேரம் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்து பின்னர் திடீரென்று சோர்ந்துவிடலாம். அடிபட்டவரைத் தூங்கவே விடக்கூடாது என்ற நம்பிக்கை இந்த அச்சத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும். மருத்துவர் பார்த்து அபாயக் குறி இல்லை என்று சொல்லிவிட்டால் உறக்கம் நல்லதே. முதல் இரவு பெரியவர் ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். எழுப்பியும் எழாவிடில் 999.

ஓய்வுக்கும் ஓர் அளவு

இனி மருத்துவத்துக்கு வருவோம். இருட்டறையில் பல நாள் படுத்திருப்பதே மருந்து என்று முன்னர்க் கருதினர். அக்கருத்து இன்று மாறிவிட்டது. 2015இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று 11 முதல் 22 வயது வரையுள்ளோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு ஐந்து நாள் கடும் ஓய்வும், மற்றவர்க்கு ஓரிரு நாள் ஓய்வும் அளித்தது. ஐந்து நாள் முடங்கியவர்களே மிகுதியான அறிகுறிகளைத் தெரிவித்தனர். 2019இல் பஃபலோ பல்கலைக்கழகத்து ஜான் லெட்டி குழுவினர் 13 முதல் 18 வயது வரையிலான 103 பேரை ஆராய்ந்தனர். அறிகுறியைத் தூண்டாத அளவில் நாள்தோறும் மிதமான உடற்பயிற்சி செய்தவர்கள் குணமடைய இடைநிலை அளவாக 13 நாள் ஆயிற்று. தசைநீட்சிப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 17 நாள் ஆயிற்று.

2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய அனைத்துலக மாநாட்டின் கருத்துரை இவ்வழியையே உறுதி செய்கிறது. முதல் 24 முதல் 48 மணி நேரம் அளவான ஓய்வு வேண்டும். வீட்டுக்குள் நடமாடலாம், சிறிது நடக்கலாம். கைப்பேசித் திரையைக் குறைக்க வேண்டும். அதன்பின் நடையைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். அறிகுறி சற்றே மிகுந்து ஒரு மணி நேரத்துக்குள் தணிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அதற்கு மேல் மிகுந்தால் நிறுத்தி மறுநாள் தொடரலாம். தலைசுற்றலோ கழுத்து வலியோ தலைவலியோ 10 நாளுக்கு மேல் நீடித்தால், சமநிலைக்கும் கழுத்துக்கும் உரிய இயன்முறைப் பயிற்சி உதவும். அறிகுறிகள் 4 வாரத்தைக் கடந்தால் சிறப்பு மருத்துவரைக் காண வேண்டும்.

வகுப்பறையின் பங்கு

திடலுக்கு முன் வகுப்பறை. இதுவே திரும்பும் வரிசை. முதல் நாள்களில் அரைநாள் பள்ளி, இடையிடையே ஓய்வு, குறைந்த வீட்டுப்பாடம், தேர்வுக்குத் தவணை ஆகியன தேவைப்படலாம். அடிபட்ட மாணவன் பாடத்தில் பின்தங்குவதைச் சோம்பல் என்று கடிந்தால், அவன் அறிகுறியை மறைக்கக் கற்றுக்கொள்வான். பாடங்களை முழுமையாகப் படிக்க முடிந்த பின்னரே பயிற்சி முழு அளவை எட்ட வேண்டும். மோதல் உள்ள ஆட்டத்துக்கு மருத்துவர் ஒப்புதல் இன்றியமையாதது.

மாணவர்க்கும் ஒரு கடமை உண்டு. குழுவில் இடம் போய்விடும் என்று அஞ்சி ‘ஒன்னும் இல்ல சார்’ என்பவர் பலர். அத்தோழனின் நடை தள்ளாடுவதையும் பேச்சு மாறியதையும் முதலில் காண்பவர் உடன் ஆடுவோரே. அதை ஆசிரியரிடம் சொல்வது காட்டிக்கொடுத்தல் ஆகாது.

மொழியியலாளர் களப்பணியில் ஒரு நெறியைக் கைக்கொள்வர்: பேசியவரின் சொல்லை உள்ளவாறே எழுதுதல், தம் சொல்லால் மாற்றி எழுதாமை. அந்நெறியை ஒவ்வொரு பள்ளியும் கைக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். ஒரு துண்டுத்தாளில் அடிபட்ட நேரம், நிகழ்ந்த விதம், பிள்ளை சொன்ன சொற்கள் ஆகிய மூன்றையும் குறித்துப் பெற்றோரிடம் கொடுத்தனுப்புங்கள். ‘மயக்கம்’ என்று எழுத நேர்ந்தால், எந்த மயக்கம் என்று அடுத்த வரியில் தமிழிலும் மலாயிலும் எழுதுங்கள். மருத்துவர் கையில் அத்தாள், ஸ்கேன் காட்டாத செய்தியைக் காட்டும்.